அப்பாவுக்கு 67 வயது. வயிற்றுக் கிருமிக்கு இனி மருந்து எடுத்துப் பயன் உண்டா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 67. பல வருடமாகக் 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி அமிலத்தைக் குறைக்கும் ஒமேப்ரசோல் மாத்திரை போட்டு வந்தவருக்குப் போன மாதம் ஸ்கோப் (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) செய்திருக்கிறார்கள். எச். பைலோரி என்ற கிருமி இருக்கிறது, திசுச் சோதனையில் 'இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா' என்ற உள்தோல் மாற்றம் தெரிகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவர். அப்பாவோ, "சின்னப் பிள்ளையில இருந்து கூடவே இருக்கிற பூச்சி, இனிமே எடுத்து என்ன செய்யப் போறேன்? வயசானா வயிறு கெடத்தான் செய்யும்" என்கிறாராம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்ளசைட், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின், அதோடு ஆஸ்பிரின் என்று ஒரு கைப்பிடி மாத்திரை போடுகிறார். அவர் சொல்வது சரியா, இந்த வயதில் மருந்து எடுத்துப் பயன் உண்டா, தன் தட்டிலிருந்தே பேத்திக்கு ஊட்டுகிறாரே அதனால் ஏதும் வருமா என்பவை தங்கையின் கேள்விகள்.

நான் மருத்துவர் அல்ல. பினாங்கில் ஸ்கோப் அறையில் 26 வருடம் தாதியாக இருந்தவள். அங்கே பார்த்ததையும், பார்த்ததைப் புரிந்துகொள்ளப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். பயன் உண்டு, அப்பா மருந்து எடுக்க வேண்டும். ஆனால் 27 வயதில் எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் பயன் முழுவதும் இப்போது கிடைக்காது. அதனால் கிருமி போன பிறகும் ஸ்கோப்பை விட்டுவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் சிலரை அந்த அறையில் நான் மறுபடி பார்த்திருக்கிறேன்.

என் பெரியம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். இருபது வருடம் 'கேஸ்ட்ரிக்'தான் அவருடைய நோய். காலையில் வயிறு எரிந்தால் ஈனோ, மாலையில் எரிந்தால் கிளினிக்கில் கொடுத்த வெள்ளைத் தண்ணி மருந்து. 1993-ல் சாப்பாடு இறங்காமல், சட்டை தொளதொளவென்று ஆன பிறகுதான் ஸ்கோப் செய்தார்கள். நான்கே மாதம். 61 வயதில் போய்விட்டார். அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1982-ல், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியிருந்தார்கள். ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் இன்குபேட்டரில் கிடந்ததால்தான் அது வளர்ந்தது. 1984-ல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்துத் தன் வயிற்றில் அழற்சியை வரவழைத்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தச் செய்தியெல்லாம் எங்கள் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேரவில்லை. பெரியம்மா போன அடுத்த வருடம் நான் ஸ்கோப் அறைக்கு மாற்றல் கேட்டுப் போனதற்கு அவர்தான் காரணம்.

சரி, அப்பா சொன்னதில் ஒரு பாதி உண்மை. இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே குடியேறிவிடும். ஒரே வீட்டில் பலர் நெருங்கி வாழ்வது, சுத்தமான தண்ணீர் இல்லாதது, வாந்தி, மலம், எச்சில் வழியாகக் கைக்குக் கை போவது என்று வழிகள் பல. லயத்தில் ஒரே குழாயடி, ஆயாக் கொட்டகையில் இருபது பிள்ளைகளுக்கு ஒரு பாத்திரம் என்று வளர்ந்த தலைமுறைக்கு இது வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். வயிற்று அமிலத்தில் பிழைப்பதற்கு அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் உடம்பிலேயே இருக்கும் யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். அப்புறம் திருகாணி போன்ற உடலால் சளிப்படலத்தைத் துளைத்து உள்ளே போய்விடும். நம் எதிர்ப்புச் சக்தி அதை விடாமல் தாக்கும்; ஆனால் வெளியேற்ற முடியாது. மருந்து எடுக்காவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அந்தச் சண்டை நடந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சண்டையில் அடிபடுவது வயிற்றின் உள்தோல். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கத்தி அளவாகப் போனால் பட்டை ஒழுங்காக மறுபடி வளரும். காயம் மரத்தைத் தொடும்படி ஆழமாகப் போனால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் அப்புறம் சரியாகப் பால் எடுக்க முடியாது. வயிற்றிலும் அப்படித்தான். முதலில் நாட்பட்ட அழற்சி. பிறகு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் அழிந்து உள்தோல் மெலியும். அதை அட்ரோஃபி என்பார்கள். அழிந்த இடத்தில் வயிற்றுத் திசுவுக்குப் பதில் குடலின் திசு போல ஒன்று வளரும். உங்கள் அப்பாவின் அறிக்கையில் இருக்கும் மெட்டாபிளேசியா அதுதான். சிலருக்கு அது டிஸ்பிளேசியா என்ற ஒழுங்கு கெட்ட வளர்ச்சியாகி, அதிலும் சிலருக்குப் புற்றுநோயாகும். இந்தப் படிவரிசையைக் கொலம்பியாவைச் சேர்ந்த நோய்க்கூற்று மருத்துவர் பெலாயோ கொரேயாவும் அவருடைய குழுவினரும் 1975-லேயே முன்வைத்தார்கள். இதற்கெல்லாம் காரணமான கிருமி அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்பா சொன்னதில் தவறான பாதி, "வயசானா வயிறு கெடும்" என்பது. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்: வயது ஏற ஏற அமிலம் குறையும், உள்தோல் மெலியும், அது இயற்கை என்று. பிறகு கிருமி இல்லாத முதியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது அவர்களுடைய அமிலம் அப்படியொன்றும் குறையவில்லை. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவருக்கு ஸ்கோப் செய்தோம். கிருமி இல்லாத வயிறு. உள்ளே இளஞ்சிவப்பாக, பளபளவென்று, மடிப்புகள் கலையாமல், குட்டிக் குட்டி ரத்தக்குழாய்கள் நட்சத்திர மீன் மாதிரி வரிசையாக. அதே காலையில் 52 வயதுக்காரர் ஒருவருடைய வயிறு வெளிறி, மடிப்பெல்லாம் தட்டையாகி, அடியில் ஓடும் ரத்தக்குழாய் தெரியும் அளவுக்கு மெலிந்து கிடந்தது. வயிற்றுப் புற்றுநோய் 40 வயதுக்குக் கீழே அபூர்வமாகவும் அறுபது, எழுபதுகளில் அதிகமாகவும் வருவதற்கு வயது மட்டும் காரணமல்ல. அந்த வயதில்தான் அழற்சிக்கும் அரை நூற்றாண்டு முடிந்திருக்கிறது. எத்தனை வயது என்பதைவிட, கிருமியோடு எத்தனை வருடம் என்று எண்ணுவதுதான் சரியான கணக்கு.

கிருமிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது என்றால், 1994-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எச். பைலோரியை முதல் தரப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 வருடம் ஸ்கோப் மூலம் கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு வயிற்றுப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் கலங்க வேண்டாம். 36 போக மீதி 1,210 பேருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் அப்பாவுக்கு இருக்கும் மெட்டாபிளேசியாவைப் பற்றி நெதர்லாந்தில் நாடு முழுக்க எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது: வருடத்துக்கு 0.25%, அதாவது 400 பேரில் ஒருவர். உங்கள் வீட்டில் எல்லோரும் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். 400-ல் ஒன்று என்பது இன்று இரவு பயப்பட வேண்டிய எண் அல்ல. அதே சமயம் அது வருடா வருடம் சேரும் எண். பாட்டிக்கும் அந்த நோய் இருந்ததால் அப்பாவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். எனவே சும்மா விட்டுவிடவும் முடியாது.

மலேசியாவில் நம்மவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல வருடம் ரத்த மாதிரிகளைச் சோதித்ததில், இந்தியர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தொற்று இருந்தது. சீனர்களில் கணிசமானவர்களுக்கு இருந்தது. மலாய்க்காரர்களிடம் மிகவும் குறைவு. கிளந்தானில் உலகிலேயே மிகக் குறைவான அளவுகளில் ஒன்று. ஒரே நாடு, ஒரே தண்ணீர், இருந்தும் இப்படி. கிருமியின் மரபணுவைப் பார்த்தவர்கள் சீனர்களின் வயிற்றில் இருப்பது கிழக்காசிய வகை, நம் வயிற்றில் இருப்பது இந்திய வகை என்று கண்டார்கள். தாத்தா பாட்டிகள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. கிழக்காசிய வகையில் உள்ள காக்-ஏ என்ற புரதம் நம் செல்களுக்குள் புகுந்து அதிகக் குழப்பம் செய்யும். நம்முடைய வகை அந்த அளவுக்கு இல்லை. இந்தியாவில் கோடிக்கணக்கானவர்களுக்குக் கிருமி இருந்தும் ஜப்பான், சீனா அளவுக்குப் புற்றுநோய் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 'இந்தியப் புதிர்' என்றே அதற்குப் பெயர். ஆனால் நமக்கு வராது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியப் பெருநகரங்களில் சென்னையில் வயிற்றுப் புற்றுநோய் அதிகம். இங்கேயும் மலாய்க்காரர்களைவிடச் சீனர்களிடமும் நம்மிடமும் அதிகம்.

இனி முக்கியமான கேள்வி. இந்த வயதில் கிருமியை ஒழித்தால் என்ன கிடைக்கும்? சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் 1,630 பேரை ஏழரை வருடம் கவனித்த ஆய்வு 2004-ல் வந்தபோது பலருக்கு ஏமாற்றம். மொத்தமாகப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. உள்தோல் இன்னும் மாறாத நிலையில் மருந்து எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு புற்றுநோய்கூட வரவில்லை. அதே நிலையில் எடுக்காதவர்களில் ஆறு பேருக்கு வந்தது. அதிலிருந்து, மெட்டாபிளேசியா வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்ற பேச்சு கிளம்பி, எங்கள் அறையிலும் சில காலம் ஓடியது.

பின்னால் வந்த நீண்ட கால ஆய்வுகள் அந்தப் பேச்சைத் திருத்தின. சீனாவில் ஷாண்டோங் மாநிலத்து லின்சூவில் இரண்டே வாரம் மருந்து கொடுத்து, சுமார் 15 வருடம் கழித்துப் பார்த்தார்கள். 55 வயதைத் தாண்டியவர்களிடம் பயன் தெளிவாகத் தெரிந்தது. மெட்டாபிளேசியா ஏற்கெனவே இருந்தவர்களிடமும் புற்றுநோய் குறைந்திருந்தது. ஹாங்காங்கில் மருந்து எடுத்த 73,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, 60 வயதிலும் அதற்கு மேலும் மருந்து எடுத்தவர்களுக்கு, அதே வயதுப் பொதுமக்களைவிடப் புற்றுநோய் குறைவாக வந்தது. அப்பாவுக்கு மிகவும் பொருந்துவது 2020-ல் வந்த கொரிய ஆய்வு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ வயிற்றுப் புற்றுநோய் இருந்து, தங்களுக்கும் கிருமி இருந்தவர்களை மட்டும் அதில் சேர்த்தார்கள். ஒன்பது வருடத்துக்கு மேல் கவனித்ததில், மருந்து எடுத்த 832 பேரில் 10 பேருக்கும், போலி மாத்திரை எடுத்த 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்தது. பாதிக்கும் கீழே.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஹாங்காங் கணக்கில் பலன் தெளிவாகத் தெரிந்தது பத்து வருடம் கழிந்த பிறகு. ஆகவே படுக்கையோடு இருக்கும் 90 வயதுப் பெரியவர் ஒருவருக்குப் புற்றுநோயைத் தடுப்பதற்காக என்று இரண்டு வாரம் இத்தனை மாத்திரை கொடுத்து வாட்ட வேண்டுமா என்றால், எனக்கு மனம் வராது. நடந்து திரிந்து, பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் 67 வயதுக்காரருக்கு இன்னும் பதினைந்து, இருபது வருடம் இருக்கலாம். அவர் எடுத்தே ஆக வேண்டும் என்பேன். ஆஸ்பிரின் வேறு போடுகிறார். 60 வயதைத் தாண்டி ஆஸ்பிரின் எடுப்பவர்களிடம் இந்தக் கிருமியை ஒழித்தால் முதல் இரண்டரை வருடத்தில் வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிவது குறைகிறது என்று 2022-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வும் காட்டியிருக்கிறது. அந்தப் பயனுக்குப் பத்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

மருந்து என்ன தருவார்கள்? வழக்கமாக 14 நாள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, அமோக்சிசிலின் 1,000 மி.கி. காலையும் இரவும், கிளாரித்ரோமைசின் 500 மி.கி. காலையும் இரவும். கிளாரித்ரோமைசினுக்குக் கிருமி பல நாடுகளில் பழகிவிட்டது. அதனால் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டையும் தருகிறார்கள். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கும் அதுதான். எது என்று மருத்துவர் முடிவு செய்வார். முன்பு இருமலுக்கோ தொண்டை வலிக்கோ கிளாரித்ரோமைசின் எடுத்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அது முடிவை மாற்றும்.

அப்பாவின் மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு முதலில் பட்டது இது: கிளாரித்ரோமைசினும் சிம்வாஸ்டாட்டினும் சேரவே கூடாது. சேர்ந்தால் சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, தசை சிதைந்து, சிறுநீரகம் வரை கெடுக்கலாம். அந்த 14 நாளுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். அம்லோடிபினோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதிகமாக இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். கிளிக்ளசைட் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து போகலாம். மருந்தின் உபாதையால் சாப்பாடும் குறைந்தால் இன்னும் எளிதாகத் தாழும். வயதானவர்களுக்கு இந்த மருந்து ஆபத்து என்று பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் சங்கடம் வருவது வயதினால் அல்ல; பக்கத்தில் இருக்கும் மற்ற மாத்திரைகளால். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருந்தாளர் முன்னால் கொட்டுங்கள். எதை எத்தனை நாள் நிறுத்துவது, எதன் அளவைக் குறைப்பது என்று எழுதி வாங்குங்கள். அந்த இரண்டு வாரமும் வீட்டில் சர்க்கரையைக் கூடுதலாகக் குத்திப் பாருங்கள்.

வாயில் இரும்பு ருசி வரும், வயிறு இளகும், பசி மந்தமாகும். பிஸ்மத் எடுத்தால் மலம் கறுக்கும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது பீர், ஸ்டவுட் எதுவும் தொடக் கூடாது. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றதும் "எனக்குச் சரியாப் போச்சு" என்று மீதியை அலமாரியில் வைப்பவர்கள் அதிகம். அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அடுத்த தடவை அதே மருந்து வேலை செய்யாது. உங்கள் வீட்டில் பொறுப்பான ஒருவர் 14 நாளும் எண்ணிக் கொடுக்கட்டும்.

அப்புறம், கிருமி போய்விட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுச் சோதனை. யூரியா கலந்த ஒன்றை விழுங்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் தன் யூரியேஸால் அதை உடைக்கும், அதிலிருக்கும் அடையாளமிட்ட கார்பன் மூச்சில் வெளியே வரும். ஊதினால் தெரிந்துவிடும், வலி ஒன்றும் இல்லை. சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே ஒமேப்ரசோல் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். அந்த இரண்டு வாரத்துக்கு எரிச்சல் வந்தால் கேவிஸ்கான் போன்ற சாதாரண எரிச்சல் மருந்து போதும். மலச் சோதனையிலும் பார்க்கலாம். ரத்தச் சோதனை இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் வெகு நாள் இருக்கும். முதல் தடவை போகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், வேறு கூட்டு மருந்து கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு தடவை முழுமையாகப் போய்விட்டால் திரும்ப வருவது குறைவு.

கிருமி போனாலும் மெட்டாபிளேசியா பெரும்பாலும் அங்கேயே இருக்கும். முடிச்சு விழுந்த பட்டை ஒரு மழையில் சரியாவதில்லை. அதனால்தான் தொடர்ந்து ஸ்கோப். எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை என்பது மெட்டாபிளேசியா எங்கே, எவ்வளவு இடத்தில் என்பதைப் பொறுத்தது. 2019-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பரவியிருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. அதோடு பெற்றோருக்கு அந்த நோய் இருந்திருந்தால் ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. ஒரே இடத்தில் மட்டும் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் தொடர் ஸ்கோப்பே தேவைப்படாமல் போகலாம். குடும்பத்தில் இருந்தால் மூன்று வருடம். ஆகவே அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கும்போது, திசுவை எந்தெந்த இடத்தில் எடுத்தார்கள், இரண்டு பகுதியிலும் மாற்றம் இருக்கிறதா, டிஸ்பிளேசியா ஏதும் உண்டா என்று கேளுங்கள். பாட்டியின் நோயைப் பற்றியும் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். கூட்டமான கிளினிக்கில் அதைக் கேட்க மறந்துபோவார்கள், நாங்களும் மறந்திருக்கிறோம். இடையில் எடை குறைந்தாலோ, கறுப்பு மலம் போனாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, ரத்தசோகை என்றாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஒமேப்ரசோல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா பல வருடமாகப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. கிருமி இருக்கும்போதே வருடக்கணக்கில் போட்டால் அழற்சி வயிற்றின் மேல்பகுதிக்கும் பரவி, சுரப்பிகள் சீக்கிரம் அழியலாம். அதனால்தான் அதை நீண்ட நாள் எடுக்க வேண்டியவர்களுக்கு முதலில் கிருமிச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். சோதனையே இல்லாமல் மருந்தகத்தில் வாங்கி வாங்கிப் போடுபவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்புறம், உள்தோல் மெலிந்தவர்களுக்கு வைட்டமின் பி12 உணவிலிருந்து சரியாகச் சேராது. மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும். அப்பாவுக்குக் கால் மரத்துப்போகிறது என்றால் சர்க்கரை என்று மட்டும் முடிவு கட்டாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் மிளகாயைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். அதன்மேல் பழி போட ஆதாரம் போதாது. 1995-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஆய்வில், புண் இருந்தவர்கள் மற்றவர்களைவிட மிளகாயைக் குறைவாகவே சாப்பிட்டிருந்தார்கள். உப்புதான் கவனிக்க வேண்டியது. தினமும் கருவாடு, தினமும் ஊறுகாய் என்பதைக் குறைக்கலாம். புகை பிடித்தால் விட வேண்டும். குழம்பு ஊற்றிய சோறான நாசி கண்டாரை அளவாகச் சாப்பிடட்டும், அதை ஏன் பிடுங்க வேண்டும்?

வீட்டில் மற்றவர்கள்? அம்மா நாற்பது வருடம் ஒரே அடுப்படியில் இருந்தவர். அவருக்கு மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்துவிடுங்கள். அப்பாவின் உடன்பிறந்தவர்கள் பாட்டியின் பிள்ளைகள். அவர்களுக்கு இதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும், எடுத்துச் சொல்ல வேறு யாரும் இல்லை. நீங்களும் உங்கள் தம்பி தங்கைகளும் பார்ப்பது நல்லது. உங்கள் வயதில் கிருமி இருந்து உள்தோல் இன்னும் மாறவில்லை என்றால், மருந்து எடுத்துக்கொண்டால் ஃபூஜியானில் ஒரு புற்றுநோய்கூட வராத அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருப்பீர்கள். தொந்தரவு எதுவும் இல்லாத குழந்தைகளுக்கு இந்தச் சோதனை இப்போது வேண்டாம். குழந்தை மருத்துவர்களின் பரிந்துரையும் அதுதான்.

பேத்தி விஷயம். பெரியவர் வாயில் மென்று குழந்தைக்குக் கொடுப்பது, தன் வாயில் வைத்து எச்சில் பண்ணிய கரண்டியால் ஊட்டுவது, இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். பக்கத்தில் படுப்பது, கட்டிப்பிடிப்பது, மடியில் உட்கார வைப்பது எதையும் தடுக்கத் தேவையில்லை. குழந்தைக்குக் கிருமி பெரும்பாலும் தாயிடமிருந்தும் கூடவே இருப்பவர்களிடமிருந்தும்தான் போகிறது. தாத்தாவை மட்டும் ஒதுக்கி வைத்து அவர் மனதை நோகடிக்காதீர்கள். மூச்சுச் சோதனை முடிவு வரும்வரை பிள்ளைக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, அவருக்குச் சோப்புப் போட்டுக் கழுவிய கை. 'கிருமி இல்லை' என்று முடிவு வந்த அன்று, பழையபடி தன் தட்டிலிருந்தே தோசையைப் பிய்த்து ஊட்டட்டும்.